ஆர்லிஸ் வொந்த்ரா வாங்கிய அட்லஸ்

ஆர்லிஸ் வொந்த்ரா சின்ன வயதில் அப்பாவோடு கால்நடை ஏலத்துக்குப் போய்ப் பழகியவர். அப்பா மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், பிறகு பின்னால் போய் நின்று அது நடக்கிற அழகைப் பார்ப்பார். ஏலக்காரன் என்ன கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பெர்வின் நூலகத்துக்கு ஆர்லிஸ் புத்தகம் வாங்குவதும் அதே மாதிரிதான். அட்டையைப் பார்த்து அவர் எதையும் வாங்கியதில்லை.

பெர்வின் என்பது நெப்ராஸ்காவில் தொள்ளாயிரம் பேர் இருக்கிற ஊர். சுற்றிலும் சோளம். ஆர்லிஸ் பதினாலு வருடம் கோழிப்பண்ணையில் முட்டை பிரித்தார். உடைந்தது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், பெரியது ஒரு பக்கம். பிறகு நூலகத்தில் ஆள் வேண்டும் என்று தபால் நிலையப் பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்து விண்ணப்பித்தார். கல்லூரிக்குப் போனதில்லை. சனிக்கிழமைகளில் தொண்ணூறு மைல் கார் ஓட்டிப் போய் நூலகப் பயிற்சி முடித்தார். அந்த வேலைக்கு வந்து இருபத்துநாலு வருடம் ஆகியிருந்தபோது நடந்ததைத்தான் எழுதுகிறேன். நான் அப்போது அவருக்குக் கீழே வாரத்தில் மூன்று நாள் உதவியாளன். அறுபத்துமூன்று பேர் வாழ்கிற ஒரு கிராமத்திலிருந்து வந்தவன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அதிலும் புவியியல் பட்டம். அதைச் சொல்லக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

ஆர்லிஸின் மேசை இழுப்பறையில் ஒரு அட்டை இருந்தது. பெயர் மாற்றிக்கொண்ட நாடு, இரண்டாகப் பிரிந்த நாடு, தலைநகருக்குப் பெயர் மாற்றிய நாடு, வற்றிப் போன ஏரி என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பார். செய்தித்தாளில் ஒன்று வந்தால் அட்டையில் ஒரு வரி கூடும். பள்ளிக்கூடத்துக்குச் சின்ன அட்லஸ் வாங்கும்போதெல்லாம் இந்த அட்டையை வைத்துத்தான் சோதிப்பார்.

"மேலட்டையில புது வருஷம் போட ஒரு நாள் போதும்" என்பார். "உள்ள இருக்கிற உலகத்தை மாத்துறதுக்குத்தான் மெனக்கெடணும். பாதிப் பேர் மெனக்கெடுறது இல்ல."

இப்படிப்பட்டவர், நூலகத்தின் நடுவில் மரத்தாங்கியில் விரித்து வைத்திருந்த பெரிய அட்லஸை மட்டும் தொடாமலே விட்டிருந்தார். அது 1988ஆம் வருடத்தது. எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு அதை யாரும் புரட்டவில்லை. தூசி தட்டுவதோடு சரி. ஒரு அலங்காரம் மாதிரி இருந்துவிட்டது.

2019 ஜூனில் ந்யாகுவோத் கட்லுவாக் என்ற பெண் வந்தார். தெற்கு சூடானைச் சேர்ந்தவர், பக்கத்து ஊர் இறைச்சி ஆலையில் வேலை. செப்டம்பரில் அவருடைய தேவாலயத்துப் பெண்கள் கூட்டத்தில் தன் ஊரைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்களாம்.

"பெரிய மேப் இருக்கா?" என்று கேட்டார். "போன்ல காட்டினா என் ஊர் மட்டும்தான் தெரியுது, பக்கத்துல என்ன இருக்குன்னு தெரியல. ரெண்டு விரலை வெச்சு இழுத்தா எங்கயோ கடலுக்குப் போயிடுது. அந்த அம்மாக்கள்லாம் கண்ணாடி போட்டவங்க. பாவம்."

ஆர்லிஸ் பெருமையாகப் பெரிய அட்லஸிடம் அழைத்துப் போய் ஆப்பிரிக்காவைத் திறந்தார். ந்யாகுவோத் குனிந்து பார்த்தார். விரல் நைல் நதியோடு மேலே போனது, கீழே வந்தது. சூடான் முழுவதும் ஒரே மஞ்சள் நிறம்.

"இது பழசு, இல்ல?" என்றார். "வர்ற மாசம் எங்க நாட்டுக்கு எட்டு வயசு."

ஆர்லிஸின் காது சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க."

"பரவாயில்ல. பேனா குடுங்க, நானே கோடு போட்டுக்கிறேன்."

"ஐயய்யோ, லைப்ரரி புத்தகத்துலயா!"

ந்யாகுவோத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆர்லிஸும் சிரித்தார். ஆனால் அந்தப் பெண் போன பிறகு அவர் மற்ற பக்கங்களைப் புரட்டியதை நான் பார்த்தேன். சோவியத் யூனியன் இருந்தது. யுகோஸ்லாவியா இருந்தது. அவருடைய தாத்தா கப்பலேறி வந்த செக்கோஸ்லோவாக்கியா ஒரே துண்டாக இருந்தது.

"பாரு, ஒருத்தி தன் நாட்டைத் தேடி வர்றா. நான் அவளுக்கு இல்லாத நாடா எடுத்து வெச்சிருக்கேன். செப்டம்பருக்குள்ள புதுசு இந்தத் தாங்கியில இருக்கணும்."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். யாராவது இறந்தால், பூவுக்குச் செலவழிக்காதீர்கள், நூலகத்துக்குக் கொடுங்கள் என்று குடும்பத்தார் சொல்வதுண்டு. அதில் ஒரு புத்தகம் வாங்கி, இன்னாருடைய நினைவாக என்று ஒரு சீட்டை முன் அட்டையின் உட்புறம் ஒட்டுவோம். அப்படிப்பட்ட புத்தகத்தைக் குடும்பத்துக்குச் சொல்லாமல் கழிப்பதில்லை. ஆகவே எந்தப் பழைய புத்தகத்தைக் கழிப்பதானாலும் ஆர்லிஸ் முன் அட்டையைத் திறந்து பார்ப்பார். சீட்டு இல்லையென்றால் 'நீக்கப்பட்டது' என்ற ஸ்டாம்ப்பைக் குத்துவார்.

பெரிய அட்லஸின் முன் அட்டையையும் திறந்து பார்த்தார். நாடுகளின் கொடிகள் வண்ண வண்ணமாக அச்சிடப்பட்டிருந்தன. சீட்டு இல்லை. குத்தினார். ஜூலை நாலாம் தேதி நூலகப் புல்வெளியில் நடக்கிற பழைய புத்தக விற்பனை மேசைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

பெரிய அட்லஸை எல்டன் ப்ராய்ஸ் என்ற சோள விவசாயி ஒரு டாலருக்கு வாங்கினார். ஊரில் அவர் வாய்க்குத் தப்பியவர்கள் குறைவு.

"எதுக்கு எல்டன் உங்களுக்கு இது?" என்று கேட்டேன்.

"கக்கூஸ்ல வெச்சுக்கப் போறேன்டா. இருந்த இடத்துல உலகம் சுத்தலாம், பெட்ரோல் செலவு இல்ல."

எல்டன் வீட்டில் அதைப் பின்பக்கமாகத் திறந்திருக்கிறார். சீட்டு அங்கே இருந்தது. ஆர்லிஸுக்கு முன்னால் இருந்த நூலகர், கொடிப் படங்களை மறைக்க மனமில்லாமல், அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் பின் அட்டையில் ஒட்டியிருந்தார். லோவெல் குசேராவின் நினைவாக, மனைவி மார்டெல் வழங்கியது, 1988.

மார்டெல் குசேராவுக்கு அப்போது எண்பத்தோரு வயது. முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். தினமும் காலை ஆறரைக்குத் தானியக் கூட்டுறவு நிலையத்தில் விவசாயிகளோடு உட்கார்ந்து காப்பி குடிப்பார். அந்த மேசையில் ஒரே பெண் அவர்தான். விற்பனைக்கு மறுநாள் காலை எல்டன் அட்லஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் தொப்பென்று வைத்தார்.

"மார்டெல், உங்க வீட்டுக்காரர் நேத்து ஒரு டாலருக்குப் போனாரு. நான் பேரமே பேசல, மரியாதை குடுத்துட்டேன்."

மேசை சிரித்தது. மார்டெல் சிரிக்கவில்லை. பின் அட்டையைப் பார்த்தார், முன் அட்டையில் இருந்த ஸ்டாம்ப்பைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு டாலர் எடுத்து எல்டன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பாதிக் காப்பி அப்படியே இருந்ததாம். எல்டனே அப்புறம் நூலகத்துக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "ஆர்லிஸ், நான் விளையாட்டுக்குத்தான்... இப்படி ஆகும்னு நினைக்கல."

"நீங்க என்ன பண்ணுவீங்க எல்டன். ஸ்டாம்ப் என் கையில இருந்துச்சு."

செவ்வாயும் வியாழனும் பெரிய எழுத்துத் துப்பறியும் கதைகளுக்கு வருகிற மார்டெல் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வேறு இரண்டு குடும்பங்கள் போன் செய்தன. ஒருவர் நேராகவே கேட்டார்: "எங்க அப்பா புத்தகம் அலமாரியில இருக்கா, இல்ல அதுவும் போயாச்சா?" ஆர்லிஸ் போனைக் கையில் பிடித்தபடி போய் அந்தப் புத்தகத்தை எடுத்து, சீட்டில் இருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டினார்.

அன்று மதியம் என்னிடம் சொன்னார்: "மார்டெல் திரும்பி வரலேன்னா, நிர்வாகக் குழுவோட ஆகஸ்ட் கூட்டத்துல சாவியைக் குடுத்துடறதா இருக்கேன்."

"ஒரு சீட்டுக்காகவா?"

"ஜனங்க செத்தவங்க பேரை என்கிட்ட குடுத்து வெச்சிருக்காங்க. அந்த நம்பிக்கை போயிடுச்சுன்னா இங்க உட்கார்ந்து நான் என்ன பண்றது?"

"தூக்கிட்டுப் போய் மேசையில வெச்சவன் நான்."

"நீ தூக்கத்தான் செஞ்ச" என்றார். நிர்வாகக் குழுவில் கேட்டபோதும் தன் கையைத்தான் சொன்னார். என் பெயர் எங்கேயும் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இன்றுவரை நான் அவரிடம் சொல்லி முடிக்காத நன்றி அது.

இதற்கிடையில் மூன்று புது அட்லஸ்கள் வந்து சேர்ந்தன. வாங்குமுன் மற்ற நூலகங்களிலிருந்து இரவல் வாங்கிப் பார்ப்பது ஆர்லிஸின் வழி. அட்லஸை யாரும் வெளியே கொடுக்க மாட்டார்கள், அவர் போனில் கெஞ்சியே வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றில் நீல அட்டைக்காரர் முதல் சோதனையிலேயே விழுந்தார். மேலட்டையில் இந்த வருடம், உள்ளே போன வருடமே பெயர் மாறிய ஸ்வாசிலாந்து இன்னும் ஸ்வாசிலாந்தாகவே இருந்தது. மிஞ்சியது பச்சையும் கறுப்பும். பச்சை கைக்கு அடக்கம், இழுப்பறை அட்டையில் எழுதியிருந்த அத்தனை சோதனையிலும் தேறியது. கறுப்போ ஒரு கன்றுக்குட்டி எடை. தவிர, அமெரிக்கா இரண்டு பக்கத்துக்கு விரிகிற இடத்தில் எங்கள் நெப்ராஸ்கா நடு மடிப்புக்குள் போய் விழுந்திருந்தது.

"எல்லாப் பயலும் நம்மளைத்தான் மடிக்கிறான்" என்றார் ஆர்லிஸ்.

நான் பச்சையை எடுத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் பூதக்கண்ணாடி வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பட்டதாரி பார்த்தால் அப்பீல் ஏது? பச்சைக்குத்தான் என் ஓட்டு என்றேன். ஆர்லிஸ் கொள்முதல் தாளில் பச்சையின் பெயரை எழுதினார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

புதன்கிழமை காலை ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சே என்ற இனிப்பு ரொட்டிகளைச் சுட்டு ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு மார்டெல் வீட்டுக்குப் போனார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். மார்டெல் வலைக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"மார்டெல், முன்பக்கம் மட்டும் பார்த்தேன். பின்பக்கம் பார்க்கல. தப்பு என்னோடது."

"ஒரு டாலருக்கா, ஆர்லிஸ்? அதுவும் எல்டனோட கக்கூஸுக்கு?"

"ஆமா."

"ஆமான்னா?"

"வேற என்ன சொல்றது? ஆமா, நடந்துடுச்சு."

உள்ளே விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"லோவெல் செத்து முப்பத்தொரு வருஷம். கல்லறைக்குப் போனா கல்லுதான் இருக்கு. லைப்ரரிக்கு வந்தா அவர் பேரு ஒரு புத்தகத்துல இருக்குன்னு ஒரு இது. திறந்துகூடப் பார்க்க மாட்டேன். இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

"புதுசு வாங்கப் போறோம். அதுல அவர் பேரு இருக்கணும்னு ஆசைப்படறேன். நீங்க பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன். வெள்ளிக்கிழமை புத்தகங்களை அனுப்பணும்."

"நான் எதுக்குப் பார்க்கணும்? சம்பளம் உனக்குத்தானே?" என்று சொல்லிவிட்டு மார்டெல் கதவைத் திறந்தார். தட்டை வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டார்.

திரும்பி வரும்போது நான், "வர மாட்டாங்க" என்றேன்.

"தட்டை வாங்கிட்டாங்கல்ல" என்றார் ஆர்லிஸ்.

அது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுத் தட்டை வைத்துக்கொள்ளவும் கூடாது, வெறுமனே திருப்பித் தரவும் கூடாது. மறுநாள் வியாழக்கிழமை பத்து மணிக்கு மார்டெல் வந்தார். தட்டில் சுரைக்காய் கேக், மேலே ஒரு துணி.

"தட்டுக் குடுக்கத்தான் வந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"சரி" என்றார் ஆர்லிஸ்.

"உட்கார வரல."

"சரி."

மேசைமேல் பச்சையும் கறுப்பும் கிடந்தன. மார்டெல் நின்றபடியே பச்சையை இழுத்தார். வரைபடம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிக்குப் போய் ஊர்ப்பெயர்ப் பட்டியலைத் திறந்தார்.

"அந்தப் பொண்ணு ஊர் எது? எல்டன் சொன்னான், ஒருத்தி வந்து தேடினான்னு."

"நாசிர்" என்றேன். "தெற்கு சூடான்."

மார்டெலின் விரல் வரிசையில் இறங்கியது. "நாசிர். பக்கம் தொண்ணூத்திநாலு." திருப்பினார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தம்பி, இங்க மணல்தான் இருக்கு. லிபியான்னு போட்டிருக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். நாசிர் தொண்ணூற்றாறில் இருந்தது. மார்டெல் விடவில்லை. நைரோபியைத் தேடினார், அதுவும் இரண்டு பக்கம் தள்ளி. டர்பனும் இரண்டு பக்கம் தள்ளி. அப்போதுதான் புரிந்தது. புது நாட்டுக்காகப் புதிதாக இரண்டு பக்கத்தைச் சேர்த்திருக்கிறார்கள், கடைசியில் உள்ள பட்டியலைத் திருத்த மறந்துவிட்டார்கள். அங்கிருந்து கடைசிவரை எந்த ஊரும் அது இருப்பதாகச் சொன்ன பக்கத்தில் இல்லை. வரைபடங்களை எல்லாம் பூதக்கண்ணாடியால் பார்த்த புவியியல் பட்டதாரி பட்டியலை ஒரு முறைகூடப் புரட்டவில்லை.

"விலாசம் தப்பு" என்றார் மார்டெல். "ஊர் இருந்து என்ன பிரயோஜனம்? கடுதாசி திரும்பி வந்துடும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடு கண்ணு, காலேஜ்ல போஸ்ட் ஆபீஸ் வேலை சொல்லித் தர மாட்டாங்க" என்றார்.

ஆர்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் கையெழுத்துப் போட்டிருந்தா செப்டம்பர்ல அவ கூட்டத்துக்கு முன்னாடி நின்னு, ஊரைத் தேடி, பாலைவனத்தைக் காட்டியிருப்பா."

மார்டெலும் உட்கார்ந்தார். கறுப்பை இழுத்தார். இருபது ஊர்களை எடுத்துப் பார்த்தார், இருபதும் சொன்ன இடத்தில் இருந்தன.

"ஆனா இதுல நம்ம மாநிலம் மடிப்புல போயிடுது" என்றார் ஆர்லிஸ்.

"போனா போகுது. நாம எங்க இருக்கோம்னு நமக்குத் தெரியும். தெரியாத ஊரைத் தேடறதுக்குத்தானே புத்தகம்?"

ஆர்லிஸ் பச்சையை அடித்துவிட்டுக் கறுப்பின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுரைக்காய் கேக்கை வெட்டினோம். அதைத் தின்றுகொண்டே மார்டெல் ஒன்று சொன்னார். "உண்மையைச் சொல்லட்டுமா? அந்தப் பழைய அட்லஸ் எனக்குப் பிடிச்சதே இல்ல. அவருக்கு பௌலிங் பந்து உருட்டுறதும் மீன் பிடிக்கிறதும்தான் உலகம். அப்ப இருந்த லைப்ரரி அம்மாவுக்கு அட்லஸ் தேவைப்பட்டுச்சு, நான் சரின்னுட்டேன்."

ஆர்லிஸுக்குச் சிரிப்பு வந்து கேக் புரையேறியது. அவர் முதுகில் தட்டிக் கொடுத்தவர் மார்டெல்தான்.

சீட்டைப் பற்றி அப்புறம் பேசினார்கள். இந்தப் புதுப் புத்தகமும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பழசாகும், அப்போது என்ன செய்வது என்று ஆர்லிஸ் கேட்டார்.

"இதுல என்ன குழப்பம்?" என்றார் மார்டெல். "வீடு மாறினா ஜனங்க எங்ககிட்ட ஒரு கார்டு எழுதிக் குடுப்பாங்க. பழைய விலாசத்துக்கு வர்றதைப் புது விலாசத்துக்கு அனுப்பிடுவோம். பேரு அப்படியே இருக்கும், வீடுதான் மாறும். அந்த மாதிரி சீட்டை மாத்து. ஆனா மாத்தறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்களைக் கேளு."

நினைவுச் சீட்டு உள்ள புத்தகங்கள் நாற்பத்தொன்று எங்களிடம் இருந்தன. அன்று மாலையே பட்டியல் எடுத்தோம். ஆகஸ்ட் கூட்டத்தில் ஆர்லிஸ் சாவியைப் பற்றிப் பேசவில்லை, இந்தப் பட்டியலைப் பற்றித்தான் பேசினார். குழு ஒரே குரலில் சம்மதித்தது.

கறுப்பு அட்லஸ் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. லோவெலின் புதுச் சீட்டை மார்டெல் தன் கையாலேயே முன் அட்டையில் ஒட்டினார். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டினார், யாரும் திருத்தவில்லை. ந்யாகுவோத் வந்தபோது மார்டெல் அங்கேதான் இருந்தார். ஊர்ப்பெயர்ப் பட்டியலை வாசித்துப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். ந்யாகுவோத் சோபாத் நதியின் மேல் விரலை வைத்து, மெதுவாக நாசிர் வரை கொண்டுபோனார்.

"இங்க எங்க அம்மா இருக்காங்க" என்றார். "இந்தப் பக்கம் எத்தியோப்பியா, நடந்து போனோம். பாருங்க, எல்லாம் ஒரே பக்கத்துல இருக்கு."

மார்டெல் நகர்ந்து அவருக்கு நாற்காலி கொடுத்தார். ந்யாகுவோத் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டார். மார்டெல் ஆர்லிஸைக் காட்டினார். ஆர்லிஸ் மார்டெலைக் காட்டினார். ந்யாகுவோத் இருவரையும் கட்டிப்பிடித்தார். என்னையும் சேர்த்துத்தான்.

அவர் போன பிறகு ஆர்லிஸ் நினைவுச் சீட்டுப் பட்டியலில் அடுத்த பெயரைப் பார்த்துப் போனை எடுத்தார். மார்டெல் பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்துகொண்டார்.

"டெல்மரா? நான் லைப்ரரியில இருந்து ஆர்லிஸ். உங்க அம்மா நினைவா இருக்கிற சமையல் புத்தகத்தைப் பத்திப் பேசணும்... இல்ல, இல்ல, விக்கல! டெல்மர், கேளுங்க, இன்னும் யாரும் அதைத் தொடவே இல்ல. அதான் முதல்ல உங்களைக் கூப்பிடறேன்."